கஞ்சி போட்ட கட்டு

கண்டி கட்டுக்கலையில் சேதுராமனின் லோண்டரியில் விடிந்ததும் முதலில் சூடேறும் இஸ்திரிப் பெட்டி யாருடைய சட்டையையும் தேய்ப்பதில்லை. ஒரு துணிப்பட்டியைத்தான் தேய்க்கும். நாலு விரல் அகலம், இரண்டு முழ நீளம். கேட்பாரில்லாமல் கிடந்த பழைய பெட்ஷீட்டின் கரையிலிருந்து கிழித்தது. முதல் நாள் சாயந்தரமே பாலாம்பிகை அதைக் கெட்டிக் கஞ்சியில் முக்கி உலரப் போட்டிருப்பாள். காலையில் சிரட்டைக் கரியை ஊதிப் பெட்டியை நிரப்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் பட்டியைத் தேய்த்து, புருஷன் அழகரின் முன்னால் குந்தி, அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

எட்டு வருஷமாக அவர்களுக்குள் பொழுது விடிவது இந்தக் கேள்வியோடும் இந்தப் பதிலோடும்தான். தான் போடும் முடிச்சு சாயந்தரம் வரை அவிழாது என்பதில் பாலாம்பிகைக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் பிற்பாடு அவளுக்குத் தன் கையையே கரி நெருப்பில் வைக்கலாம் போலிருக்கும்.

கட்டைச் சொல்லிக் கொடுத்தவர் சேதுராமன். அழகரின் அண்ணன், கடைக்கு உரிமையாளர். எட்டு வருஷத்துக்கு முன் அழகரின் கெண்டைக் காலில் நரம்பு புடைத்து, நீலமாய் நெளிந்து கிடந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். "இது கெட்ட ரத்தம். கீழயே தங்கிக் கெடக்குது. மேல ஏறுச்சுன்னா நெஞ்சப் புடிச்சிரும். ஏற விடாம முட்டிக்குக் கீழ கட்டணும். எங்க ஐயா கெட்டம்பே ஆத்துல நின்ன காலத்துலருந்து கட்டுனாரு" என்றார். கெட்டம்பே ஆற்றங்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்டி நகரத்தின் அழுக்கையெல்லாம் கல்லில் அறைந்து வெளுத்த மனிதர் அவர்களுடைய தகப்பனார். அவர் பேரைச் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு இல்லை. வெறுந்துணி தளர்ந்துபோகும் என்று பட்டிக்குக் கஞ்சி போடுகிற யோசனையை மட்டும் பாலாம்பிகை சேர்த்தாள். லோண்டரிக்காரர் வீட்டு மருந்து கஞ்சி போட்டு விறைப்பாகத்தானே இருக்கும்!

கடை ஒரு நீள அறை. வாசலில் சேதுராமனின் மேசையும் கதிரையும். அவர் அங்கே உட்கார்ந்து வருகிற துணிகளுக்கு மையால் குறி போடுவார். உள்ளே எதிரெதிராக இரண்டு இஸ்திரி மேசைகள். ஒன்றில் அழகர், மற்றதில் பாலாம்பிகை. அதற்கும் உள்ளே கொடிகள், கொடிகளுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் குடியிருக்கும் அறை. மொத்தக் கடைக்கும் அந்த ஒரே கதிரைதான்.

இன்னொரு கதிரை இருந்திருந்தாலும் பாலாம்பிகைக்குப் பயன் இல்லை. புருஷனின் அண்ணனான மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி உட்காரக்கூடாது. முகம் பார்த்துப் பேசவும் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அழகரிடம், "மாமாகிட்ட சொல்லுங்க, கரி முடிஞ்சிருச்சு" என்பாள். மூன்றடி தூரத்தில் இருக்கும் சேதுராமன் அது காதிலேயே விழாதது போலிருப்பார். அழகர் திருப்பிச் சொன்ன பிறகு, "முடிஞ்சிருச்சா?" என்பார். சிரிப்புத்தான் வரும். ஆனால் அவர் காலை ஏழு மணிக்கு வந்து சாயந்தரம் ஆறு மணிக்குப் போகிற வரை, பதினொரு மணித்தியாலம், பாலாம்பிகை நிற்பாள். மத்தியானம் மட்டும் ஈர வேட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து ரொட்டியையும் கட்டச்சம்பலையும் விழுங்கிவிட்டு எழும்பி வருவாள். இருபத்திரண்டு வயதில் வந்து நின்றவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. அது ஊர் வழக்கம், அழகரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை.

இரண்டு வருஷமாக அவளுடைய கெண்டைக் காலிலும் ஒரு நரம்பு எழும்பியிருந்தது. சாயந்தரமானால் கால் ஈயம் ஊற்றினது போல் கனக்கும். சேலை கணுக்கால் வரை இருக்க யாருக்குத் தெரியப்போகிறது?

அழகரின் புண் தை மாதத்தில் வந்தது. உட்புறக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் வாய் திறந்துகொண்டது. மஞ்சள் வைத்தாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். கோப்பித்தூள் அப்பினாள். ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருந்தது. சேதுராமன் சொன்னதெல்லாம், "கட்டு தளர்ந்திருக்கும், நல்லா இறுக்கச் சொல்லு" என்பதுதான். அவள் இறுக்கினாள்.

இத்தனைக்கும் அவர்கள் தேய்த்த துணியில் பாதி பெரியாஸ்பத்திரித் துணி. டொக்டர்மாரின் வெள்ளைக் கோட்டு, தாதிமாரின் சீருடை. கோட்டுக் கொலரை அழகரைப் போல் தேய்க்கக் கண்டியிலேயே ஆள் கிடையாது. பதினைந்து வருஷமாக டொக்டர்மாரின் தோளையும் முதுகையும் தடவித் தடவி மினுக்கியவன் ஒரு நாளாவது ஒரு டொக்டரிடம் காலைக் காட்டியதில்லை. மடவளையிலிருந்து வேலைக்கு வரும் தாதி றம்லத் தன் சீருடையை எடுக்க வரும்போது அழகரை அண்ணனாகப் பாவித்து இரண்டு தடவை கேட்டாள், "அழகர் நானா, காலுக்கு என்தா? நொண்டுறீங்களே. செவ்வாய்க்கெழம கிளினிக் ஈக்கிது, ஒரு சதம் செலவில்ல, வந்து காட்டுங்களேன்."

"பரம்பர நோவு, புள்ள. கட்டியிருக்கோம்" என்று சேதுராமன்தான் பதில் சொன்னார்.

பாலாம்பிகையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இரண்டு தடவையும் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் துணி என்ன துணி என்று கூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நீலக் கோடு போட்ட தலையணை உறை.

பெரஹரா ஊர்வலத் திருவிழா தொடங்கி மூன்றாம் நாள் அது நடந்தது. ஊர் முழுக்க வெளியூர்ச் சனம். தங்குமிடங்களிலிருந்து பெட்ஷீட்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஹந்தானை மலைப் பக்கமிருந்து தூறல் விடாமல் இறங்கியதால் வெளியே காயப்போட வழியில்லை. ஈரத்தைப் பெட்டிச் சூட்டிலேயே விரட்ட வேண்டும். அழகர் விடியற்காலையிலிருந்து நின்றான். பத்து மணியளவில் கரி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வாளியின் தகர விளிம்பு அவன் கணுக்காலில் லேசாக உரசியது. லேசாகத்தான். அவன் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை.

இரத்தம் சொட்டவில்லை, பீய்ச்சியது. தேய்த்து அடுக்கி வைத்த வெள்ளைப் பெட்ஷீட்டுகளில் ஒரு கோடு இழுத்தது.

"ஷீட்டு! ஷீட்டத் தூக்கு!" என்று கத்தினார் சேதுராமன். அந்த மனிதரின் வாயிலிருந்து முதலில் வந்த சொல் அதுதான். பிறகுதான் தம்பியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறி, "இங்க கொண்டாந்து கதிரையில உக்கார வை! கட்ட இறுக்கு! கெட்ட ரத்தம் ஒடச்சிருச்சு, மேல ஏற விட்டுராத!" என்று தன் கதிரையை இழுத்துப் போட்டார்.

அழகர் உட்கார்ந்தான். கால் தொங்கியது. பாலாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழிருந்த பட்டியை மேலும் இறுக்கினாள். இரத்தம் கூடியது. கோப்பித்தூளை அள்ளி அப்பினாள், அது கரைந்து தரையில் ஓடியது. இன்னும் இறுக்கினாள். அவளுடைய விரல் நகம் ஒன்று மடிந்து உடைந்தது.

"இறுக்கமா இருக்கா? இருக்கா?" என்று அழுதாள்.

"இருக்கு" என்றான் அழகர். கண் சொருகியது.

அந்த நேரம் பார்த்து றம்லத் வந்தது யார் செய்த புண்ணியமோ. குடையைக்கூட மடக்காமல் உள்ளே எறிந்துவிட்டு வந்தாள்.

"அல்லாவே! ஏன் ஆளை உக்கார வெச்சீக்கிறீங்க? படுக்கப் போடுங்க! தரையில, மல்லாக்க! அந்த மூட்டைய இழுங்க, கால அதுக்கு மேல தூக்கி வைங்க. யாரு இந்தக் கட்டுப் போட்ட? கத்தரிக்கோல் எங்க?"

"கட்ட வெட்டாத புள்ள! ஏறிரும்!" என்றார் சேதுராமன்.

றம்லத் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. துணிப் பட்டியை ஒரே வெட்டாக வெட்டினாள். கால் மூட்டைக்கு மேல் உயர்ந்தது. சுத்தமான தலையணை உறை ஒன்றை மடித்து, புண் வாயில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கூட இருக்க மாட்டார்கள். இரத்தம் நின்றுவிட்டது.

நின்றே விட்டது! பாலாம்பிகை முழங்காலிட்டபடி அதைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே எட்டு வருஷத் தழும்பு ஒரு வளையமாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் வெட்டுப்பட்ட பட்டி, கஞ்சி விறைப்புக் குறையாமல், வளைந்தபடியே கிடந்தது.

"தாத்தா, நான் செல்றதக் கேளுங்க" என்றாள் றம்லத் பாலாம்பிகையிடம், கையை எடுக்காமல். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. "ரத்தம் கீழ எறங்கும், திரும்ப மேல ஏறணும். நெஞ்சுக்குத்தான் போகணும். நரம்புக்குள்ள கதவு மாதிரி ஈக்கிது. அது பழுதாகித்தான் ரத்தம் தேங்கி நரம்பு பொடைக்கிற. அதுக்கு மேல நீங்க வேற கட்டிப்போட்டா அது எங்க போகும்? ஒடைச்சிட்டு வெளிய வரத்தானே பார்க்கும்?"

சேதுராமன் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தார். இரத்தக் கறை உள்பக்கம் போகும்படியாக மடித்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சிங்களவர், நரைத்த தலை. அவர் போட்டிருந்த கோட்டின் கொலரைப் பார்த்ததும் அது அழகர் தேய்த்தது என்று பாலாம்பிகைக்குத் தெரிந்தது. அவர் காலைத் தொட்டார், தட்டினார், கறுத்த தோலை விரலால் அழுத்தினார். முழங்காலுக்குக் கீழிருந்த பள்ளத்தில் விரலை வைத்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"இத யாரு கட்டினதாம்?" என்றாள் றம்லத், மெல்ல.

"நான்தான்."

டொக்டர் றம்லத் மூலம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இனி நிற்கக்கூடாது. படுத்தால் காலை நெஞ்சுக்கு மேல் உயரத்தில் வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மருந்து கட்ட வர வேண்டும். கட்டு பாதத்திலிருந்து தொடங்க வேண்டும், அடியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. புண் ஆற மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். ஆறினால்தான் நரம்பை எடுக்கும் ஒப்பரேஷன். நின்றால் ஆறாது. ஆறாமல் சீழ் வைத்து எலும்புக்குப் போனால் பாதமே போகலாம்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்று கேட்டாள் பாலாம்பிகை. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாள்.

றம்லத் டொக்டரிடம் கேட்கவில்லை. அவளுக்கே பதில் தெரியும். "ஆரம்பத்துல வந்தா சின்ன வேலை, தாத்தா. புண்ணே வந்திராது." பிறகு குனிந்து, பாலாம்பிகையின் சேலைக் கரையைப் பார்த்தாள். "நீங்களும் அந்த மேசையிலதானே நிக்கிற? காட்டுங்க பார்க்க."

பாலாம்பிகை கூசினாள். பிறகு ஒரு வெறியில் சேலையை முழங்கால் வரை தூக்கினாள். டொக்டர் குனிந்து பார்த்து, இரண்டு வார்த்தை சொன்னார்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி இவர்ட காலும் இப்பிடித்தான் ஈந்திருக்குமாம்" என்றாள் றம்லத். "நீங்க நேரத்தோட வந்தீக்கிறீங்களாம்."

அவளுக்கும் ஒரு கிளினிக் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு துண்டுகளையும் ஒன்றாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழகரின் காலை உயர்த்தி வைக்க வழியில்லாததால் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு வாடகைக் காரில் அவனைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தாள். வழி நெடுக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுகையெல்லாம் போய், உள்ளே கரி கனிந்து கிடந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மாமா மேல், செத்துப்போன மாமனார் மேல், கேட்டதற்கெல்லாம் "இருக்கு" என்ற புருஷன் மேல். நீலக் கோடு போட்ட தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டு வாய் மூடி நின்ற தன் மேல்.

மறுநாள் சேதுராமன் ஆறரைக்கே வந்துவிட்டார். இரண்டு புது மூட்டைகள் இறங்கியிருந்தன. அவர் தானே கரி ஊதி, தானே ஒரு பட்டியைக் கஞ்சியில் போட்டு, தானே தேய்த்திருந்தார். ஏகப்பட்ட சுருக்கம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொடித் துணிகளுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"அழகரு, எந்திரிச்சு வா. நான் கட்டி விடுறேன். பெரஹரா முடியிற வரைக்கும்தான். பொறவு ஒரு மாசம் வேணும்னாலும் படு."

உள்ளே தலையணைகளின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த அழகர் எழும்ப முயன்றான். "ஆறேழு நாள்தான புள்ள" என்றான் பெண்டாட்டியிடம். "அண்ணன் தனியா என்னா செய்வாரு?"

பாலாம்பிகை அவன் நெஞ்சில் கையை வைத்துத் திரும்பப் படுக்க வைத்தாள். துணிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மூத்தார் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அவரு வரமாட்டாரு."

சேதுராமன் பேசியது யார் என்று தேடுகிறவரைப் போல அங்குமிங்கும் பார்த்தார். பிறகு துணிகளைப் பார்த்துச் சொன்னார், "தம்பி, ஒன் பொஞ்சாதிகிட்ட சொல்லு. நான் ஒங்கிட்டதான் பேசுறேன்."

"என்கிட்டயே பேசுங்க மாமா. எட்டு வருஷமா அதக் கட்டுனது நான்தானே. நேத்து இன்னுங் கொஞ்சம் இறுக்கியிருந்தா நானே அவரக் கொன்னுருப்பேன். நீங்க பக்கத்துல நின்னு இறுக்கு, இறுக்குன்னு சொல்லிக் குடுத்தீங்க!"

"என்னா வாய் இது! டொக்டருமாரு ஆயிரம் சொல்லுவாங்க. அவங்களுக்கு வெட்டணும். எங்க ஐயா நாப்பது வருஷம் கட்டுனாரு."

"ஐயா எப்புடிச் செத்தாரு?"

"காச்சல்ல."

"காச்சல் எங்கருந்து வந்துச்சு?"

அவர் கையிலிருந்த பட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"கால்ல புண்ணு இருந்துச்சா, இல்லியா? சொல்லுங்க மாமா. பொழுதுக்கும் ஐயா ஐயாங்கிறீங்களே, அவரு கால்ல புண்ணு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு. அது வேற. அது தண்ணியில நின்னதால வந்த புண்ணு."

"ஈ மொச்சுச்சாம். கிட்டப் போக ஏலாம இருந்துச்சாம். செத்துப்போன அத்தை என்கிட்டச் சொல்லியிருக்கு. அந்தப் புண்ணுலயும் கட்டிக்கிட்டே செத்தாரு. இப்ப என் புருஷன்."

சேதுராமனின் முகம் சிவந்தது. அவர் மேசையில் ஓங்கி அறைந்தார். "அப்ப நானு? நானுந்தான் இருபது வருஷமாக் கட்டியிருக்கேன்! எனக்கு என்னா வந்துருச்சு? பாரு! நல்லாப் பாரு!"

சாரத்தைச் சுருட்டி முழங்கால் வரை தூக்கிக் காட்டினார்.

பாலாம்பிகை பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே பழுப்பேறிய பட்டி. அதற்குக் கீழே நரம்புகள் கொத்துக் கொத்தாய்த் திரண்டிருந்தன. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, விறைத்து, மெழுகு பூசியது போல் பளபளத்தது. உட்பக்கத்தில் ஒரு சதக் காசு அளவுக்கு மஞ்சள் அப்பியிருந்தது. முந்தைய நாள் டொக்டர் விரலால் அழுத்திக் காட்டியதெல்லாம் ஒன்று பாக்கி இல்லாமல் அந்தக் காலில் இருந்தது.

"அரிக்குதா மாமா?" என்று கேட்டாள்.

அவர் கை தானாக இறங்கி அந்த இடத்தைச் சொறிந்தது. சொறிந்த கையை அவரே பார்த்தார்.

இவரை ஒரு அரக்கன் என்று வைத்துக்கொண்டு திட்டித் தீர்க்கலாம் என்று ராத்திரி முழுக்க அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாயின. இவரும் அவளைப் போலவே ஒரு முட்டாள். தம்பிக்குச் சொன்னதைத்தான் தனக்கும் செய்துகொண்டிருக்கிறார். அது தெரிந்ததும் அவளுடைய கோபம் தணியவில்லை, இரண்டு மடங்கானது. திட்டக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே!

அவள் வாசலுக்குப் போனாள். மூத்தாரின் கதிரையை மேசைக்குப் பின்னாலிருந்து இழுத்துக் கடையின் நடுவே போட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் உட்கார்ந்தாள். சும்மா உட்காரவில்லை. பெட்ஷீட்டு மூட்டை ஒன்றைக் காலால் தள்ளி நெருக்கி, இரண்டு கால்களையும் தூக்கி அதன் மேல் நீட்டினாள். சேலை ஒரு சாண் ஏறியது. இறக்கிவிடவில்லை.

"எனக்கும் இருக்கு" என்றாள். "ரெண்டு வருஷமா இருக்கு. ஒங்க முன்னால நின்னு நின்னு வந்தது. நேரத்தோட வந்துட்டேன்னு டொக்டரு சொன்னாரு. செவ்வாக்கெழம நானும் அவரும் கிளினிக்குப் போறோம். இனிமே உக்காந்துதான் தேய்ப்பேன். மேசைய அதுக்குத் தக்கன எறக்கிப் போடுங்க. நீங்க கிளினிக்குக்கு வர்றதுன்னா வாங்க. வராட்டி ஐயா போன வழியில போங்க, நான் தடுக்கல."

உள்ளேயிருந்து அழகர், "ஏ புள்ள!" என்றான், பதறி. அவள் திரும்பவில்லை.

சேதுராமன் நின்றார். கடையில் வேறு கதிரை இல்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் சாரத்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும் முதலாளியையும் கண்டு அப்படியே திரும்பிப் போனார்.

சேதுராமன் மெல்லக் குனிந்தார். முழங்காலுக்குக் கீழிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இருபது வருஷம் கட்டிப் பழகிய முடிச்சு. நகத்தால் நெம்பினார், அவிழவில்லை. நிமிர்ந்து தம்பி பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

பாலாம்பிகை கையை எட்டி இஸ்திரி மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். உட்கார்ந்தபடியே அதை அவரிடம் நீட்டினாள்.